இரண்டு விரல் துணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கடை நடத்துகிறேன். அளவு ஜாக்கெட் கொண்டுவராமல், "போன தடவை தச்ச மாதிரியே தைங்கக்கா" என்று வருகிறவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படியும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். ராஜலட்சுமி தைத்தால் தோள் இறங்காது, கழுத்து தூக்காது, உள்ளே ஒரு நூல் பிசிறுகூட நீட்டிக்கொண்டு நிற்காது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

அவள் பெயர் செவந்தி. நானும் அவளும் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தவள். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை இன்றைக்கும் வைத்திருக்கிறாள். பத்தாவதோடு ஓட்டம் நின்றுபோனது. யாரும் தடுக்கவில்லை, சண்டை போடவும் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு பெண் ஓடுவதற்கு இடம் கிடையாது, அவ்வளவுதான். தேங்காய் வியாபாரம் பார்க்கும் நல்லதம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு, ஆலங்குடிக்கு அங்கிட்டு, கறம்பக்குடி ரோட்டில் குடியேறினாள். சிவரஞ்சனி என்று ஒரே மகள், திருச்சியில் படிக்கிறாள். செவந்திக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. முட்டை உரிக்கிற பிள்ளைகளை அதட்டுவாளே தவிர, பெரிய மனிதர்களிடம் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. என்னிடமும் அப்படித்தான். நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். எங்கள் சிநேகிதம் முப்பத்தைந்து வருஷமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடப்பக்க மார்பில் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டியது. கடைசியாக இருபத்தோரு நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். தினமும் காலையில் பஸ் பிடித்துப் புதுக்கோட்டை போய், அங்கிருந்து திருச்சி போய், கரண்டு வைத்துக்கொண்டு திரும்பி வருவாள். நாலைந்து நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். திருவரங்குளம் தாண்டும்போது வாந்தி வந்துவிடும். கையில் பிளாஸ்டிக் கவரோடு என் மடியில் கவிழ்ந்து படுத்துக்கொள்வாள். அந்த ரோட்டில் என்ன மரம் இருக்கிறது, என்ன கடை இருக்கிறது என்று அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

எல்லாம் முடிந்து, தலையில் முடி கட்டைவிரல் உயரம் முளைத்திருந்த சமயம் கடைக்கு வந்தாள். ஜாக்கெட்டின் இடப்பக்கம் தொளதொளவென்று மடிந்து கிடந்தது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே பேசினாள். அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகவே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அளவெடுத்தேன். முதலில் பஞ்சு வைத்து ஒரு பை தைத்தேன். அது நடக்க நடக்க மேலே ஏறித் தோளுக்குப் போய்விட்டது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு மல் துணியில் பை தைத்து, கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து நிரப்பி, எடை பார்த்து, ஜாக்கெட்டுக்குள்ளேயே அதற்கு ஒரு உறை வைத்தேன்.

"முந்தானைய விடுடி. எந்தப் பக்கம்னு எவளாச்சும் கண்டுபுடிச்சுட்டா, என் கத்தரியக் கெணத்துல போட்டுடுறேன்" என்றேன்.

ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் நிமிர்ந்து நின்று பந்தி பரிமாறினாள். அன்றைக்கு என் தலைக்கு ஏறிய கனம் இறங்கவே இல்லை. செவந்தியின் உடம்பு விஷயத்தில் அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் தினமும் நடக்கச் சொன்னாளாம். இவள் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தாள். நடை ஒரு மாதத்தில் மெல்லோட்டமானது. நல்லதம்பி அண்ணன் டி.வி.எஸ். வண்டியில் லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவார். "என்னண்ணே, தெனமும் மதினியத் தொரத்திக்கிட்டுப் போறீங்க, வீட்டுல எதுவும் பிரச்சனையா?" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அந்த மனுஷனுக்குக் கோபப்படத் தெரியாது.

ஒருநாள் செவந்தி கடைக்கு வந்து மெஷினுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராஜி, எனக்கு இருபத்தோரு நாள் கரண்டு வச்சாங்கல்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"எங்க வீட்டு வாசல்லேருந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம்னு அவரு வண்டி மீட்டர்ல பாத்தேன். சரியா இருபத்தொண்ணு."

நான் நூல் கோத்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

"அந்த ரோட்டுல இருபத்தோரு நாளும் பஸ்சுல கவுந்து படுத்துக்கிட்டே போனேன்டி. ஒரு நாளாச்சும் என் காலால ஓடிப் போய்ச் சேரணும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நாளுன்னு கழிச்சுட்டேன்னா அது முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் சீக்காளி இல்ல."

"கிறுக்கு புடிச்சிருக்காடி ஒனக்கு? புதுக்கோட்டைக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ்சு போவுது."

அவள் சிரித்தாள். பொங்கல் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டாள். அன்றைக்கு சிவரஞ்சனி லீவில் ஊரில் இருப்பாள்; புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அப்போது ஆடி மாதம். செவந்தியால் மூன்று கிலோமீட்டர்தான் ஓட முடியும்.

புரட்டாசிக்குள் எட்டு ஓடினாள். அப்போதுதான் தோல் உரசுகிற தொல்லை ஆரம்பித்தது. எட்டு கிலோமீட்டர் ஓடினால் வேர்வையில் துணி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கை முன்னும் பின்னும் போய்வர, அக்குளுக்குக் கீழே தழும்பு முடிகிற இடத்தில் துணி தேய்த்துக்கொண்டே இருக்கும். கரண்டு வைத்த தோல் வேறு, காய்ந்த வெங்காயத் தோல் கணக்காய் மெலிந்து போயிருந்தது. என்னிடம்தான் வந்து சொன்னாள். நான் என்ன சொல்வேன்? இந்த ஊரில் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன்.

"நல்லா பவுடரக் கொட்டிக்கிட்டு ஓடு. சரியாப் போயிடும்."

சரியாகப் போகவில்லை. பவுடர் வேர்வையோடு சேர்ந்து மாவாகி, காய்ந்து, மணல் மாதிரி அறுத்தது.

அவளுக்கு ரஹீமா பீவி என்று ஒரு சிநேகிதி உண்டு. ஜெகதாப்பட்டினத்துக்காரர். கரண்டு வைக்கப் போன இடத்தில் பழக்கம். அவருக்கும் அதே ஆபரேஷன், அதே இடப்பக்கம். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் பார்க்கிறவர், பொழுதெல்லாம் உப்புக் காற்றிலும் வேர்வையிலும் நடக்கிறவர். கார்த்திகையில் செவந்தி அவருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். மறுநாள் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

"பவுடரே கூடாதாம் ராஜி. வெளிய கெளம்புறதுக்கு முன்னாடி வாசலின தடிமனாத் தடவிக்கணுமாம். புதுத் துணிய நாலஞ்சு தடவ அலசி, கஞ்சியெல்லாம் போனப்புறம்தான் போடணுமாம். வந்த ஒடனே நனஞ்ச துணியக் கழட்டிட்டு, பச்சத் தண்ணியில கழுவி, ஒத்தி ஒத்தித் தொடைக்கணுமாம். அப்புறம் ரஹீமாக்கா சட்டையத் திருப்பித்தான் போடுவாங்களாம். தையல் வெளிய இருந்தா ஒடம்புல ஒரசாதாம்."

"சரி."

"எனக்கு அந்த மாதிரி ஒண்ணு தச்சுக் குடுடி. லூசா, பனியன் கணக்கா. தையலெல்லாம் வெளிப்பக்கம். பை வேணாம்."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"தையல வெளிய வச்சா?"

"ஆமா."

"போடி இவளே! ஓரமும் பிசிறும் ஊருக்கே தெரியுற மாதிரி நான் தச்சுக் குடுக்கணுமாக்கும். இது எவ தச்சதுன்னு கேட்டா, ராஜலட்சுமின்னு சொல்லுவே. நான் நாளைக்குக் கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"மேல சுடிதார் டாப்பு போடுவேன்டி. யாருக்குத் தெரியப்போவுது?"

"கழுத்துகிட்டத் தெரியும். கைகிட்டத் தெரியும். அதுவும் பையில்லாம ஓடுறாளாம் ரோட்டுல! ஒருபக்கம் குலுங்க, ஒருபக்கம் பலகையா. லாரிக்காரன்லேருந்து மாடு மேய்க்கிறவன் வரைக்கும் வேடிக்க பாப்பான். எவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்னய நிமிந்து நடக்க வச்சேன், அதையெல்லாம் ஒரு நாள்ல கெடுத்துக்கப் போறியா?"

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். செவந்தியின் முகம் சிறுத்துப்போனது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

"ரஹீமாக்காவுக்கு அந்த எடத்துல உணர்ச்சியே கெடையாதாம்டி" என்றாள் மெதுவாக. "எனக்கும் அப்படித்தான். அக்குளும் மேல்கையும் மரத்துப் போயித்தான் கெடக்கு. தோலு கிழிஞ்சாலும் வலிக்காது, கண்ணாடி வச்சுத்தான் பாக்கணும்னாங்க. அந்தக் கையில ஒரு சின்னக் கீறல்கூட வரக்கூடாதுன்னு டாக்டரும் சொல்லியிருக்காரு."

"மீன் விக்கிறவுங்களுக்குத் தையலப் பத்தி என்ன தெரியும்? ஒனக்கு எது ஒரசாதுன்னு எனக்குத் தெரியும். பேசாம இரு."

அவள் பேசாமல் இருந்தாள். என்னை மீறி ஆலங்குடியில் வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்னொருத்தி முன்னால் அந்தத் தழும்பைக் காட்ட அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அப்படிப் பேசினேன்.

மூன்று நாள் உட்கார்ந்து தைத்தேன். உடம்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு உள்சட்டை. கேழ்வரகுக்குப் பதிலாக ஸ்பாஞ்சு வெட்டி வைத்தேன், ஓடும்போது ஆடாமல் இருக்க உறையை இறுக்கித் தைத்தேன். வெளிப்பக்கம் ஒரு சுருக்கம் கிடையாது. அப்புறம் இன்னொன்று செய்தேன். எங்கள் பக்கம் ஜாக்கெட் தைத்தால் அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில், உள்ளே கொஞ்சம் துணி விட்டு, மூன்று வரிசை தையல் போடுவோம். உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். "உள்ள துணி விட்டுத் தைங்கக்கா" என்று கேட்காத பெண் கிடையாது. வழக்கமாக ஒரு விரல் அகலம் விடுவேன். செவந்திக்கு இரண்டு விரல் விட்டேன். நோயில் இளைத்துப்போனவள், உடம்பு தேறி வரட்டும், அப்போது பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆசையாகத்தான் விட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினாள்.

"இங்கிட்டுக் கொஞ்சம் மொத்தமா இருக்கற மாதிரி இருக்குடி" என்று வலது கையால் இடது பக்கம் தொட்டுக் காட்டினாள்.

"போடப் போடப் படிஞ்சிரும்" என்றேன்.

மார்கழி கடைசி ஞாயிறு. பொங்கலுக்கு முன்னால் கடைசி நீள ஓட்டம். பதினாறு கிலோமீட்டர் ஓடி, புதுக்கோட்டை ஐந்து என்று எழுதியிருக்கிற கல்லோடு நின்றுகொள்வது என்று கணக்கு. மிச்ச ஐந்தையும் சேர்த்து முழுசாகக் குறித்த நாளில் ஓடிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். எட்டரை மணிக்கு நல்லதம்பி அண்ணன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நேராக என் கடைக்கு வந்து இறங்கினாள். முகம் பளபளவென்று இருந்தது. பத்தாவது படிக்கும்போது டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாளே, அதே முகம்.

"பதினாறுடி ராஜி! திருவரங்குளத்துக்கு அந்தாண்ட ரெண்டு பக்கமும் தைல மரக் காடா இருக்குதுடி. இவ்வளவு நாளும் அத நான் பாத்ததே இல்ல."

"சட்டை எப்படி?"

"அசையவே இல்ல. அப்படியே நின்னுச்சு. வலியே இல்ல."

எனக்கு வாயெல்லாம் பல். டீ வாங்கிவரச் சொன்னேன். அவள் திரும்பி உட்கார்ந்தபோது, இடப்பக்கம், டாப்பின் மேல் எட்டணா அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை தெரிந்தது.

"வண்டி கிரீஸ் பட்டிருக்குடி. போய் சோப்புப் போட்டுக் கசக்கு" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் துணியோடு புழங்குகிறவள் நான். மாதத்துக்கு நாலு தடவையாவது விரலில் ஊசி குத்தி, யாராவது ஒருத்தியின் துணியில் ரத்தம் பட்டு, எச்சிலைத் தொட்டுத் துடைக்கிறவள். கிரீஸ் எது, காய்ந்த ரத்தம் எது என்று எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் போகவில்லை. என் சட்டை அசையவே இல்லை என்று அவள் சொன்னதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் பார்த்திருக்கிறாள். தோல் வழன்று உரிந்து போயிருந்தது. வலிக்கவில்லை என்பதால் பெரிதாக நினைக்கவில்லை. தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டு, மேலே பவுடரையும் போட்டு, மறுநாள் முந்தானையை மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓட விடமாட்டார் என்று பயம். என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேனாம். இதை அவள் பிறகு சொன்னாள்.

மூன்றாம் நாள் குளிர் ஜுரம். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதாம். இடது கை தோளிலிருந்து முழங்கை வரை சிவந்து வீங்கிவிட்டது. புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புண் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது, நெறி எடுத்த கை என்பதால் உடம்பால் அதை எதிர்த்து நிற்க முடியவில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுவதற்காக இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே மூன்று கோடு. ஒன்றுக்கொன்று அரை விரல் இடைவெளி, நூல் பிடித்தாற்போல் நேராக. நடுக்கோடு ஆழமாக வெட்டியிருந்தது. மற்ற இரண்டிலும் புள்ளி புள்ளியாகத் தையல் பதிந்திருந்தது. அது யார் தையல் என்று நான் கேட்க வேண்டியதில்லை. அந்த நெருக்கத்தில் ஆலங்குடியில் வேறு எவளும் தைக்க மாட்டாள்.

வராந்தாவுக்கு வந்து நின்றேன். நல்லதம்பி அண்ணன் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன்.

"அவ ஒன்கிட்ட இது வரைக்கும் வாய் தொறந்து ஒண்ணு கேட்டதில்லம்மா. இது ஒண்ணுதான் கேட்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவளுக்குப் பொங்கல் ஆஸ்பத்திரியில் போனது. குறித்து வைத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலோடு நிற்க வேண்டிய சிவரஞ்சனி, கட்டில் பக்கத்தில் அதே பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். செவந்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் அஞ்சு நாளு பாக்கி நின்னுபோச்சு, ராஜி."

அவள் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கடையில் யாரும் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். உள்ளே விட்ட இரண்டு விரல் துணி, எதற்கும் உதவாமல், விறைத்துப் பழுப்பாகிக் கிடந்தது. அவள் உடம்பு தேறவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து இன்னும் இளைத்துத்தான் வந்தாள்.

நல்லதம்பி அண்ணனின் பழைய வேட்டி ஒன்றை வாங்கி, அவள் கேட்டபடியே ஒன்று தைத்தேன். லூசாக, பை இல்லாமல், தையலெல்லாம் வெளிப்பக்கம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கார்த்திகையிலேயே நான் கொடுத்திருக்கலாம்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"போட்ட மாதிரியே இல்லடி" என்றாள்.

"எம்மேல கோவமே வரலயாடி ஒனக்கு? ரெண்டு அறை அறஞ்சுடு."

"வந்துச்சு" என்றாள். "ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரொம்ப வந்துச்சு. ஒன் மொகத்தையே பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அப்புறம் நீ வந்து நின்னே. போயிடுச்சு."

"மறுபடி ஓடுவியா?"

அவள் இடது கையைப் பார்த்தாள். கை வீக்கம் முழுசாக வடியவில்லை. முழங்கைக்கு மேல் இறுக்கமான உறை மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் இன்னொரு தடவை அதே ஜுரம் வந்து போயிருந்தது. ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. வீக்கம் கட்டுக்குள் வரட்டும், பிறகு மெதுவாகப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

"இல்லடி. பயமா இருக்கு. முன்ன இந்த ஒடம்பு எப்ப என்ன செய்யுமோன்னு பயந்துகிட்டே கெடந்தேன். ஓட ஆரம்பிச்சப்புறம்தான் அது எம்பேச்சக் கேக்குதுன்னு ஒரு நம்பிக்க வந்துச்சு. இப்ப அது இல்ல. தெருமுனை வரைக்கும் நடந்தாலே, வந்து கண்ணாடிய எடுத்து வச்சுக்கிட்டு அக்குளப் பாக்குறேன்."

அவளுடைய கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

ரஹீமா பீவி ஒருநாள் அவளைப் பார்க்க வந்தார். கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். மீன் விற்கிறவர்களுக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்டது அவருக்கு எட்டியிருக்குமோ என்று பயந்துகொண்டு நின்றேன். எட்டியிருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. செவந்தி போட்டிருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கும் இதே மாதிரி ரெண்டு தச்சுக் குடுங்க தங்கச்சி. நான் இத்தனை நாளா கடைச் சட்டையத்தான் திருப்பிப் போட்டுக்கிட்டு ஒப்பேத்துறேன்."

தைத்துக் கொடுத்தேன். அவர் சொல்லி இன்னும் சில பேர் வந்தார்கள். இப்போது மாதத்துக்கு ஒருத்தியாவது அந்தச் சட்டைக்காக வருகிறாள். யாராவது அதைப் புண்ணியம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு அளவு ஜாக்கெட்டைக் கொடுக்கச் சொல்வேன்.

செவந்திக்கு இப்போது வெளியே போட்டுக்கொள்கிற ஜாக்கெட்டையும் அப்படித்தான் தைக்கிறேன். போன ஆவணியில், கை வீக்கத்தைக் காட்டுவதற்காக அவளும் நானும் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னலோரம். திருவரங்குளத்தில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்த ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள்.

"ஏங்க, அவசரத்துல ஜாக்கெட்டத் திருப்பிப் போட்டுக்கிட்டீங்க போல. தையல் வெளிய தெரியுது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே நான் அவ்வளவு கத்தினேன்.

செவந்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "தெரிஞ்சுதாங்க போட்டிருக்கேன். அப்படித்தான் தைக்கச் சொன்னேன்."

"அப்படியா? சரி சரி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் கண்டக்டரைக் கூப்பிட்டு டிக்கெட் கேட்டாள். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு பக்கமும் தைல மரக் காடு வந்தது. புதுக்கோட்டை ஐந்து என்று எழுதிய கல்லைப் பஸ் தாண்டியது. செவந்தி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அந்தக் கல் மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

"இந்தா, இங்கதான் நின்னேன்" என்றாள்.

மிச்ச ஐந்து கிலோமீட்டர் போக எட்டு நிமிஷம் ஆனது. அந்த எட்டு நிமிஷமும் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். செவந்தி உறை மாட்டிய அந்த வீங்கிய கையால் பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.